கடைசி நாலு செகண்டு

கே.கே. நகர், மதுரை
12.02.2025

மாப்ள சோலைக்கு மச்சான் ராம்கி எழுதுறது.

இங்க நானும் உங்க அக்காவும் பாப்பாவும் சொகமா இருக்கோம். அங்க நீயும் அத்தையும் சொகந்தான? உன் வலது முழங்கால் வீக்கம் வத்திருச்சா?

போன்ல என்னைய பிளாக் பண்ணிட்ட. உங்க அக்கா போன்ல இருந்து பேசுனா என் குரலக் கேட்டதும் கட் பண்ற. தபால்காரரையுமா பிளாக் பண்ணப் போறன்னுதான் பேனாவ எடுத்தேன். காலேஜ் பரீட்சைக்கு அப்புறம் இம்புட்டு நீளமா நான் எழுதுனதே இல்ல. கோழி கிளறுன மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்க.

ஜனவரிக் கடைசியில பைனல்ல ஒரு பாயிண்டுல தோத்த சூட்டுல நிக்கிறேன், டிவிக்காரன் மைக்க நீட்டுறான். "பீரோவத் தூக்கிக்கிட்டு ஓட்டப் பந்தயம் ஓட முடியாது"ன்னு வாயில வந்துருச்சு. உன் பேர நான் சொல்லல. ஆனா நம்ம மதுரை பாஸ்கெட்பால் டீம்ல ஆறடி எட்டங்குலத்துக்கு வேற யாரு இருக்கா? எல்லாருக்கும் விளங்கிருச்சு. கோச்சா இருக்குறவன் பேசுற பேச்சில்ல அது. தப்புத்தான் மாப்ள.

ஏப்ரல் முப்பதுக்குள்ள அடுத்த சீசனுக்கு யார வச்சுக்கிறோம், யார விடுறோம்னு நிர்வாகத்துக்கு நான் லிஸ்ட் குடுக்கணும். அதுக்கு முன்னாடி உன்கிட்டப் பேசியாகணும். கோவத்த ஒதுக்கி வச்சுட்டு ஒரு பதில் போடு.

உன் மேல பாசம் மாறாத,
மச்சான் ராம்கி


செல்லம்பட்டி
20.02.2025

மச்சானுக்கு வணக்கம்.

நானும் அம்மாவும் நல்லா இருக்கோம். அக்காவையும் பாப்பாவையும் கேட்டதாச் சொல்லுங்க.

வாயில வந்துருச்சுன்னு எழுதிருக்கீங்க. உங்க வாயில வந்தது இப்ப ஊரு வாயெல்லாம் சுத்துது. உசிலம்பட்டி பஸ்ல ஏறுனா கண்டக்டர், "பீரோவுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமே"ங்குறான். பஸ்ஸே சிரிக்குது. நானும் சேந்து சிரிச்சுக்கிட்டேன், வேற என்ன செய்ய? பதினோரு வருசமா அந்த ரிங்குக்குக் கீழ இடி வாங்கியிருக்கேன். மூக்கு ரெண்டு தடவ ஒடைஞ்சிருக்கு.

ஒன்னே ஒன்னு மட்டும் சொல்லுங்க. லிஸ்ட்ல என் பேரு இருக்கா இல்லையா? மத்ததெல்லாம் அப்புறம்.

சோலை


கே.கே. நகர்
03.03.2025

மாப்ள சோலைக்கு,

எல்லாரும் சொகம். உன் கடிதத்துல முழங்காலப் பத்தி ஒரு வரி இல்ல. ஐஸ் வைக்கிறியா? நம்ம பிசியோ சொன்ன பயிற்சியச் செய்றியா?

நேராக் கேட்ட, நேராவே சொல்றேன். இன்னைக்கு வரைக்கும் உன் பேரு லிஸ்ட்ல இல்ல.

கடிதத்தக் கிழிச்சிராத, முழுசாப் படி. ஆட்டம் மாறிப் போச்சு மாப்ள. நீ ஆட வந்த காலத்துல வளந்தவன் ரிங்குக்குக் கீழ நிப்பான், பந்து அவன் கைக்குப் போகும், அவன் போடுவான். இப்ப ஒவ்வொரு டீமும் ஆறடி, ஆறேகால் அடி ஆளுங்க அஞ்சு பேர எறக்குறான். அஞ்சு பேரும் ஓடுறான். அஞ்சு பேரும் கோட்டுக்கு வெளிய நின்னு மூணு பாயிண்டு எறியுறான். நீ உள்ள காவல் நிக்கிற, உள்ள வரத்தான் ஆளில்ல. நீ வெளிய ஓடுனா அவன் உன்னையச் சுத்திட்டுப் போயிர்றான். இது உன் குத்தமில்ல, உன் உயரத்தோட குத்தம்.

பைனல்ல கடைசி நாலு செகண்ட நூறு தடவ போட்டுப் பாத்துட்டேன். நம்ம 78, லூதியானா 76. அவங்க ஷூட்டர் வலது மூலையில ஆளில்லாம நிக்கிறான். நீ ரிங்குக்குக் கீழயே நிக்கிற. ஒரு எட்டு எடுத்து வைக்கல. பந்து உள்ள போச்சு, கப்பும் போச்சு. நிர்வாகத்துக்காரங்க அந்த வீடியோவத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுறாங்க.

துணைக் கோச்சா என் பக்கத்துல உக்காரு. மரியாதையான இடம். யோசிச்சு எழுது.

ராம்கி


செல்லம்பட்டி
09.03.2025

மச்சானுக்கு,

அம்மாவுக்கு ரெண்டு நாளா சளி, இப்பத் தேவலை. நீங்க எல்லாரும் நல்லா இருக்கணும்.

துணைக் கோச்சா? எனக்கு முப்பத்தோரு வயசுதான் ஆகுது. டிராக் பேண்ட மாட்டிக்கிட்டு தண்ணி பாட்டிலத் தூக்கிக் குடுக்கவா?

அஞ்சு பேரும் எறிவான்னு எழுதிருக்கீங்களே, அஞ்சு பேரும் எறிஞ்சு வெளிய விழுற பந்த யாரு எடுக்குறது? பைனல்ல பதினேழு ரீபவுண்டு எடுத்தேன். உங்க ஓட்டக்காரங்க நாலு பேரும் சேந்து எடுத்தது பதினொன்னு. மூனாவது குவார்ட்டர்ல அந்த லூதியானாக்காரன் உள்ள வர்றதயே விட்டுட்டான், ஏன்? நாலு தடவ அவன் பந்தத் தட்டி விட்டேன், அதனால. அதெல்லாம் வீடியோவுல இல்லையாக்கும்.

ரெண்டு டீமும் குட்டையா நின்னா அதுக்குப் பேரு பாஸ்கெட்பாலா, கண்ணாமூச்சியா? ஒருத்தன் நெஞ்சக் குடுத்து உள்ள நின்னாத்தான் மத்தவன் வெளிய சொகுசா எறிய முடியும்.

அந்தக் கடைசிப் பந்தப் பத்தி மட்டும் என்கிட்டப் பேசாதீங்க. அங்க என்ன நடந்துச்சுன்னு வீடியோவுக்குத் தெரியாது.

சோலை


கே.கே. நகர்
18.03.2025

மாப்ள,

இங்க சொகம். அத்தைக்குச் சளி விட்டுருச்சுன்னு நேர்லயே பாத்துட்டேன்.

ஆமா, ஞாயித்துக்கெழம ஆரப்பாளையத்துல பஸ் ஏறி வந்தேன். தெரு முக்குல நான் திரும்பவும் நீ பின்வாசல் வழியா தோப்புக்குள்ள போகவும் சரியா இருந்துச்சு. ஆறடி எட்டங்குல ஆளு வாழைக்குள்ள ஒளிய முடியுமா? தல தெரிஞ்சிச்சு. அத்தை பாவம், எனக்குக் கறிச் சோத்தப் போட்டு, "அவன் ஒறங்குறான் மாப்ள"ன்னு சமாளிச்சாங்க. நானும் சரின்னு சாப்பிட்டு வந்துட்டேன்.

அத்தை இன்னொன்னு சொன்னாங்க. நீ இப்ப தரையில உக்காந்து சாப்பிடுறதில்லையாமே, கட்டில்லதானாமே. ஏன்?

வீடியோவுக்குத் தெரியாதுன்னு எழுதிருக்க. எனக்குத் தெரியணும். அங்க என்ன நடந்துச்சு? உன் இடத்தக் காப்பாத்துற மாதிரி ஏதாவது இருந்தா இப்பச் சொல்லு, ஏப்ரல் முப்பது தாண்டுனா நான் தலகீழா நின்னாலும் ஒன்னும் செய்ய முடியாது.

ராம்கி


செல்லம்பட்டி
04.04.2025

மச்சானுக்கு,

எல்லாரும் நலம். பதில் போட நாளாயிருச்சு. எழுதவா வேண்டாமான்னு பதினஞ்சு நாளா மண்டையப் போட்டுக் கொழப்பிக்கிட்டு இருந்தேன். இதப் படிச்சுட்டு நம்ம டீம் சின்னப் பய விக்ரம் மேல பாயக் கூடாது. பாய மாட்டீங்கன்னு நம்பி எழுதுறேன்.

பைனலுக்கு முன்னாடி நீங்க ஒரு ஏற்பாடு பண்ணுனீங்க. லூதியானாக்காரனுக்கு நம்ம பேச்சு விளங்காது, அதனால தமிழ்லயே கத்துங்கன்னீங்க. வெளிய ஷூட்டரப் பிடிச்சிருக்குறவன் அவன விட்டுட்டு உள்ள ஓடுனா "போறேன்"னு கத்தணும், உடனே நான் வெளிய பாயணும். அவன் ஷூட்டர்கிட்டயே திரும்பி வந்தா "வாரேன்"னு கத்தணும், நான் உள்ளயே நிக்கணும். ரெண்டே வார்த்தைதான்.

கடைசி நாலு செகண்டுல ஷூட்டரப் பிடிச்சிருந்தது விக்ரம். அவன் ஷூட்டர விட்டுட்டு உள்ள ஓடுனான். ஆனா அவன் கத்துனது "வாரேன்."

செக்கானூரணில பொறந்த பய. வீட்டவிட்டு எறங்கும்போது அவன் என்னைக்கு "போறேன்"னு சொல்லிருக்கான்? சொன்னா அவங்க அம்மா வாயில போட மாட்டாங்களா? நம்ம ஊர்ல கெளம்புற எவனும் வாரேன்னுதான சொல்லுவான். பதட்டத்துல அவனுக்கு வீட்டுப் பழக்கம் வந்துருச்சு. வாரேன்னு காதுல விழவும் நான் உள்ளயே நின்னுட்டேன்.

இத நான் யார்கிட்டயும் சொல்லல. அவனுக்கு இருபத்து மூணு வயசு, இதுதான் மொத சீசன். சொன்னா அவன் கதை முடிஞ்சிருக்கும்.

இன்னொன்னும் கேக்குறேன். நீங்க கோட்டுக்கு வெளிய அவன்கிட்ட இருந்து நாலடி தள்ளித்தான நின்னீங்க மச்சான்? உங்க காதுல விழலையா?

சோலை


கே.கே. நகர்
14.04.2025

தம்பி சோலை,

அக்கா சுபலட்சுமி எழுதுறேன். நல்லா இருக்கியாடா? அம்மா மாத்திரைய ஒழுங்காப் போடுதா? நாங்க இருக்கோம், நல்லா இருக்கோம்னு எழுதக் கை வரல.

நீ அப்படி என்னதான்டா எழுதித் தொலைச்ச? உன் கடிதம் வந்த நாள்ல இருந்து உங்க மச்சான் என்கூடப் பேசுறதில்ல. லேப்டாப்ல அதே மேட்ச ஹெட்போன மாட்டிக்கிட்டுப் பாக்குறாரு, நிறுத்துறாரு, திரும்பப் பாக்குறாரு. தட்டுல சோறு காஞ்சு போகுது. பாப்பா பயந்துக்கிட்டுக் கிட்டப் போக மாட்டேங்குது. "என்னங்க"ன்னு கேட்டா, "உன் தம்பி சரியாத்தான் கேட்டிருக்கான்"ங்குறாரு. மறுபடியும் ஹெட்போன மாட்டிக்கிறாரு.

ரெண்டு பேரும் எனக்கு வேணும்டா. நீ கோவக்காரன், அவரு ரோசக்காரர், நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன். எழுதுறத யோசிச்சு எழுது.

அக்கா


கே.கே. நகர்
19.04.2025

மாப்ள சோலைக்கு,

நீயும் அத்தையும் சொகமா இருக்க வேண்டிக்கிறேன்.

என் காதுல விழுந்துச்சு. வாரேன்னு அவன் கத்துனது தெளிவா விழுந்துச்சு. அந்த நிமிசமே, "பய உள்ள போறான்"னு எனக்கு விளங்கவும் செஞ்சிச்சு. நானும் இந்த மண்ணுல பொறந்தவன்தான? அதனாலதான் உன் மேல அம்புட்டுக் கோவம். எனக்கு விளங்குனது இவனுக்கு விளங்கலையான்னு கோவம். அந்தக் கோவத்துலதான் பீரோன்னேன்.

உன் கடிதத்தப் படிச்ச பிறகுதான் ஒறைச்சது. ஆட்டத்துக்கு ரூல் போட்டவன் நான். ரூல்படி வாரேன்னா நீ நிக்கணும். நீ நின்ன. மதுரைக்காரப் பய ஒருத்தன்கிட்ட, கெளம்பும்போது "போறேன்"னு கத்துன்னு சொன்னவன் எவ்வளவு பெரிய மடையன்! எங்க அம்மா கேட்டிருந்தா வெளக்குமாத்த எடுத்திருக்கும். விக்ரம் தப்பில்ல, உன் தப்பும் இல்ல. முட்டாத்தனம் என்னோடது. எனக்குத் தெரிஞ்சும் ரெண்டரை மாசமா பழிய உன் தலையில கட்டிட்டுத் திரிஞ்சிருக்கேன். நெனைச்சா வெக்கமா இருக்கு.

புதன்கெழம நிர்வாகக் கூட்டம். வீடியோவச் சத்தத்தோட போட்டுக் காட்டி, தப்பு கோச்சோடதுன்னு சொல்லப் போறேன். உன் பேர லிஸ்ட்ல நானே எழுதுவேன். முழங்கால மட்டும் பாத்துக்க.

ராம்கி


செல்லம்பட்டி
22.04.2025

மச்சானுக்கு,

நலம். நேரமில்ல, ரெண்டு வரிதான்.

கூட்டத்துல எதுவும் சொல்ல வேண்டாம். நான் ஏதோ கோவத்துல எழுதிட்டேன். லிஸ்ட்ல பேரு இல்லாட்டியும் பரவால்ல. அந்த வீடியோவப் போடாதீங்க, விட்டுருங்க. ஏன்னு கேக்காதீங்க. அக்கா மேல சத்தியமாக் கேட்டுக்கிறேன்.

இந்தக் கடிதத்த உசிலம்பட்டிக்கே போய் ஸ்பீடு போஸ்ட்ல போடுறேன். கூட்டத்துக்கு முன்னாடி கைக்கு வந்துரும்னு நம்புறேன். உங்களுக்கு போன் போட ரெண்டு தடவ எடுத்தேன். நம்பர அமுக்காமக் கீழ வச்சுட்டேன்.

சோலை


கே.கே. நகர்
03.05.2025

மாப்ள சோலைக்கு,

சொகமா இருக்கியா? உன் ஸ்பீடு போஸ்ட் வியாழக்கெழம சாயங்காலம்தான் வந்துச்சு. கூட்டம் புதன்கெழமயே முடிஞ்சிருச்சு.

சொல்லிட்டேன். சத்தத்தோட போட்டேன். வாரேன்னு அவன் கத்துறது ஹால் முழுக்கக் கேட்டுச்சு. மேனேஜரு வீடியோவ நிறுத்திட்டு, "அப்ப கப்பு போனது உங்களாலதானே சார்"னாரு. ஆமான்னேன். ரெண்டு நாள் கழிச்சு மெயில் வந்துச்சு. என்னைய எடுத்துட்டாங்க. கோட்டயத்துல இருந்து ஒரு கோச் வாராரு. அவருக்கு வளந்த ஆளுங்க மேல நம்பிக்கை ஜாஸ்தி. லிஸ்ட்ல மொதப் பேரே உன்னோடது. இந்தத் தடவ நெசமாவே சந்தோசப்படு.

நீ வேண்டாம்னு ஏன் எழுதுனன்னு எனக்குத் தெரியும். என் வேலை போயிரும்னு உனக்குப் பயம். உனக்கு என் மேல அம்புட்டுப் பாசம் இருக்குன்னு நான் நெனைக்கல மாப்ள. உங்க அக்காகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், அழுதுட்டா. எனக்காக நீ வெலகுனா எனக்குக் கெட்ட கோவம் வரும். ஆடு.

எனக்கு ஸ்கூல்ல பி.டி. வாத்தியார் வேலை கேட்டிருக்கேன், கெடைச்சிரும். கவலப்படாத. முழங்கால் எப்படி இருக்கு?

பெருமையோட,
மச்சான் ராம்கி


டீம் ஹாஸ்டல், மதுரை
08.07.2025

மச்சானுக்கு,

உங்களுக்கும் அக்காவுக்கும் பாப்பாவுக்கும் ஒரு கொறையும் வரக் கூடாது. ரெண்டு மாசமா பதில் போடல. போட முடியல. இந்த ஹாஸ்டல்ல இருந்து மாட்டுத்தாவணிப் பக்கம் கிரவுண்டுக்குப் போற வழியிலதான் உங்க வீடு. தெனமும் அந்தப் பக்கமாத்தான் போய் வர்றேன், உள்ள வர தைரியம் வரல.

நேத்து மொத மேட்ச். டிவியில பாத்திருப்பீங்க. நாலாவது குவார்ட்டர்ல அவங்க அஞ்சு குட்ட ஆளுங்களையும் எறக்குனாங்க. புதுக் கோச் ரூல மாத்திட்டாரு, கை ஜாடைதான், சத்தமே இல்ல. விக்ரம் கையத் தூக்குனான். நான் வெளிய பாயணும். கை தெரிஞ்சிச்சு, ஆளு தெரிஞ்சான், பாயல. அதே மூலையில இருந்து அவங்க ஆளு எறிஞ்சான், உள்ள போச்சு. அடுத்த தடவையும் அப்படியே. மூனாவது தடவ கோச் என்னைய உக்கார வச்சுட்டு ஒரு ஆறடிப் பயல எறக்குனாரு. அதுக்கப்புறம்தான் ஜெயிச்சோம். நீங்க மார்ச்சுல எழுதுனது ஒவ்வொரு வரியும் சரி.

மச்சான், இப்ப எழுதுறத ஜனவரியிலயே எழுதிருக்கணும். பைனல்ல அவன் வாரேன்னு கத்துனப்ப எனக்கும் விளங்குச்சு. போறான்னுதான் விளங்குச்சு. செல்லம்பட்டிக்காரனுக்கு அது விளங்காமப் போகுமா? பாயத்தான் நெனைச்சேன். வலது கால் எந்திரிக்கல. முழங்காலுக்குள்ள ஜவ்வு கிழிஞ்சு ஒரு வருசமாகுது. டீம் பிசியோவுக்குத் தெரியாம வேற ஒரு டாக்டர்கிட்ட போய்ப் பாத்தேன். ஆபரேசன் பண்ணனும், பண்ணுனாலும் பழையபடி ஆட முடியாதுன்னாரு. மே மாசம் டீம் வச்ச டாக்டர் டெஸ்டுக்கும் வலி தெரியாம இருக்க ஊசி போட்டுக்கிட்டுத்தான் வந்தேன்.

நீங்க லிஸ்ட்ல பேரு இல்லன்னு எழுதவும் எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. விக்ரம் கத்துனது ஞாபகம் வந்துச்சு, அதப் பிடிச்சுக்கிட்டேன். அவனக் காப்பாத்துற மாதிரி வேற எழுதுனேன். நீங்க இம்புட்டு நல்ல மனுசனா இருப்பீங்க, தப்ப உங்க தலையில தூக்கி வச்சுப்பீங்கன்னு நெனைக்கல. கூட்டத்துல வேண்டாம்னு எழுதுனது உங்க மேல பாசத்துல இல்ல மச்சான். லிஸ்ட்ல பேரு வந்தா டாக்டர் டெஸ்டுல மாட்டிக்குவேனோன்னு பயம், பொய் பெருசாகுதேன்னு பயம். அதையும் நீங்க பாசம்னு எடுத்துக்கிட்டீங்க. பெருமையோடன்னு நீங்க கையெழுத்துப் போட்டிருந்ததப் பாத்துட்டு மூணு நாள் எனக்குச் சோறு எறங்கல.

இன்னைக்குக் காலையில மேனேஜரப் பாத்து எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வச்சுட்டேன். ராம்கி சார் ரூல் தோக்கல, என் கால்தான் தோத்துச்சு, அவரத் திரும்பக் கூப்பிடுங்கன்னு கேட்டேன். "பாக்கலாம்"னாரு. அவங்க பாக்கலாம்னா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும். என்னைய நாளைக்கே ரூமக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க.

அக்கா கேட்டா, உன் தம்பி பொய் சொல்லிட்டான்னு சொல்லுங்க. நம்ப மாட்டா, உங்களோடதான் சண்டைக்கு வருவா. அப்ப இந்தக் கடிதத்த அவ கையில குடுத்துருங்க.

சோலை